புதிய இசைத்தொகுப்பும் முதல் மதிப்புரையும்

தோற்றுவாய்

ஒரு படைப்பு பழமை எய்தியபின் அதனை மதிப்பிடுதல் ஓரளவு எளிது. அதற்கு உரைகள் தோன்றியிருக்கும். அதனை எடுத்தாண்டோரும் மறுத்தோரும் இருப்பர். காலமும் தன் கருத்தைச் சொல்லியிருக்கும். நேற்று வெளிவந்த ஒன்றை இன்று மதிப்பிடுதல் அத்துணை எளிதன்று. அங்கே மதிப்புரையாளர்க்குத் துணையாக நிற்பன தம் செவியும் கண்ணும் பயிற்சியுமே. உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில், பழமையையோ புதுமையையோ நன்மை தீமைக்கு அளவுகோலாகக் கொள்ளலாகாது என உணர்த்துவர். அவ்வாறாயின் அளவுகோல் யாது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை முதன்முதலில் எதிர்கொள்பவர் மதிப்புரையாளரே.

நம் பல்கலைக்கழகங்களில் திறனாய்வு பயில்வோர் பெரும்பாலும் காலத்தால் தேர்ந்த நூல்களை வைத்தே பயில்கின்றனர். ஆனால், பட்டம் பெற்று வெளியே சென்றதும் இதழ்கள் அவர்களிடம் வேண்டுவது, சென்ற திங்கள் வெளிவந்த கவிதைத் தொகுதிக்கோ நாவலுக்கோ ஒரு மதிப்புரை. அவ்வுரை பிழைபடின் ஓர் ஆசிரியரின் உழைப்பு மறைந்து போகலாம். தகுதியில்லாத ஒன்று உயர்ந்தும் போகலாம். முதல் மதிப்புரை பிற்காலத்தால் மறுக்கப்படுமாயின் அதற்குப் பயன் உண்டா? அதனைத் திருத்துதல் வேண்டுமா? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

இவற்றை ஆராய்வதற்கு, இலக்கியத்தை அடுத்து நிற்கும் வேறொரு துறையை எடுத்துக்கொள்கின்றோம். அது, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1960களில் வளர்ந்த ராக் இசையின் ஆல்பங்களுக்கு, அஃதாவது இசைத்தொகுப்புகளுக்கு, எழுதப்பெற்ற மதிப்புரை. இத்துறையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தொகுப்பு வெளிவந்த காலமும், அதற்கு முதல் மதிப்புரை வந்த காலமும், பல்லாண்டுகளுக்குப்பின் வந்த மறுமதிப்பீட்டின் காலமும் அச்சில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. மூன்றையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு வேறு துறைகளில் எளிதிற் கிட்டுவதன்று.

இசைத்தட்டு ஒரு நூலாதல்

1948ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம், நிமிடத்திற்கு 33 1/3 சுற்றுச் சுழலும் நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டது. அதற்குமுன் வழங்கிய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடமே ஒலிக்கும். புதிய தட்டிலோ ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேல் ஒலித்தது. தனிப்பாடல் ஒன்றே அடங்கிய இடத்தில் ஒரு தொகுதியே அடங்கும் நிலை ஏற்பட்டது. ஆயினும் வெகுமக்கள் இசையில் நெடுங்காலம் வரை தொகுப்பு என்பது, விற்பனையான பாடல்களோடு வேறு சிலவற்றைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு என்ற அளவிலேயே இருந்தது.

பீட்டில்ஸ் குழுவினரின் இரண்டு தொகுப்புகளை ஒப்பிட்டால் இம்மாறுதல் விளங்கும். அவர்தம் முதல் தொகுப்பின் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 1967இல் வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்' தொகுப்போ ஏறத்தாழ ஐந்து மாத உழைப்பில் உருவாயிற்று. மேடைக் கச்சேரிப் பயணங்களை 1966 ஆகஸ்டோடு நிறுத்திவிட்ட அக்குழுவினர், ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் கருவியாக்கிக் கொண்டனர். தொகுப்பின் உறையில் பாடல்களின் சொற்கள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. கேட்போர் படிப்போரும் ஆயினர். தொகுப்பு ஒரு நூலின் நிலையை எய்தியது. அதற்கு மதிப்புரையும் தேவையாயிற்று.

பழைய இலக்கணமும் புதிய இலக்கியமும்

புதியதை மதிப்பிட முற்படுவோர் முதலில் கையாள்வது தாம் முன்னரே கற்ற இலக்கணத்தை. லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் இசைத் திறனாய்வாளர் வில்லியம் மான், 1963 டிசம்பர் 27 அன்று பீட்டில்ஸ் பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இளைஞர் கூச்சலிட்டுக் கேட்கும் பாடல்களை மேனாட்டுச் செவ்வியல் இசையின் கலைச்சொற்களால் அவர் விளக்கினார். ஒரு பாடலின் முடிவில் அமையும் சுரக்கட்டை, ஆஸ்திரிய இசைவாணர் மாலரின் இசைப்படைப்பு ஒன்றன் முடிவோடு ஒப்பிட்டார். அப்பாடலை இயற்றிய ஜான் லெனனோ, அக்கலைச்சொல்லின் பொருள் தமக்குத் தெரியாது எனப் பிற்காலத்தில் நகைச்சுவையாகக் கூறினார்.

இதனைக் கொண்டு மானின் கட்டுரையைப் பிழையெனத் தள்ளுதல் பொருந்தாது. இயற்றியவர்க்கு இலக்கணப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எதுகையின் வகைப்பெயர் அறியாமலே நாட்டுப்பாடலில் எதுகை அமைவதை நாம் அறிவோம். மானின் கட்டுரை, எள்ளி ஒதுக்கப்பட்ட ஓரிசையைக் கருதத்தக்கதாக்கியது. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. பழைய இலக்கணத்தில் பெயருள்ளவற்றையே அவ்விலக்கணம் காட்டும். குரலின் கரகரப்பும், மின்கித்தாரின் ஓசையும், தாளத்தின் உந்துதலும் அதன் பார்வையில் முழுமையாகப் படுவன அல்ல. புதிய இசைக்கு அதனுள்ளேயே வளர்ந்த திறனாய்வாளர் தேவைப்பட்டனர்.

1967ஆம் ஆண்டின் ஒரு மாறுபாடு

அத்தகையோருள் ஒருவர் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன். ராக் இசையைப் பற்றி நியூயார்க் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் தொடர்ந்து எழுதிவந்த அவர்க்கு 1967இல் அகவை 22 அல்லது 23. 'சார்ஜன்ட் பெப்பர்' வெளிவந்தபோது அதனைப் போற்றாத இதழில்லை என்னும்படி பாராட்டுரைகள் குவிந்தன. அவ்வாண்டு ஜூன் 18 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் கோல்ட்ஸ்டைன் மாறுபட்டு எழுதினார். ஒலிப்பதிவுக் கூடத்தின் உத்திகள் மிகுந்து பாடலின் உள்ளீட்டை மறைத்துவிட்டன என்பது அவர் கருத்து. மிகையான கவனிப்பால் கெட்டுப்போன குழந்தையோடு அத்தொகுப்பை ஒப்பிட்டார். எனினும் அதன் இறுதிப் பாடலை மட்டும் விலக்கி, அதனைப் பெரிதும் பாராட்டினார்.

மறுப்புக் கடிதங்கள் திரளாக வந்தன. தம் நிலையை விளக்கி அவர் மீண்டும் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுத நேர்ந்தது. அத்தொகுப்பு 1968இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருது பெற்றது. 2003இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட 500 சிறந்த தொகுப்புகளின் பட்டியலில் முதலிடம் அதற்கே கிடைத்தது. கோல்ட்ஸ்டைன் தோற்றார் என்றே பலரும் கருதினர்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே இதழ் 2020இல் வாக்களிப்போர் குழுவை மாற்றிப் புதிய பட்டியலை வெளியிட்டபோது, 'சார்ஜன்ட் பெப்பர்' 24ஆம் இடத்திற்கு இறங்கியது. முதலிடம் மார்வின் கே என்னும் கறுப்பினப் பாடகரின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்புக்குச் சென்றது. இதனால் 1967இல் கோல்ட்ஸ்டைன் கூறியதே சரியென்று நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது. பெறப்படுவது வேறொன்று. காலத்தின் தீர்ப்பு என்று நாம் கூறுவதும் ஒரு காலத்தார் தீர்ப்பே. வாக்களிப்போர் மாறின் தீர்ப்பும் மாறும். ஆகவே, பிற்காலத்தோடு ஒத்திருத்தலை முதல் மதிப்புரையின் சிறப்புக்கு அளவாகக் கொள்வது நிலையற்ற ஒன்றன்மேல் கட்டிடம் எழுப்புவது போன்றதாகும்.

இன்று கோல்ட்ஸ்டைன் உரையைப் படிப்பவர் அவரோடு மாறுபடலாம். ஆனால் அவர் எதனைக் கேட்டார், எதனை விரும்பவில்லை, எப்பாடலை ஏன் விலக்கினார் என்பன அவ்வுரையில் உள்ளன. படிப்பவர் அவரை மறுப்பதற்கு வேண்டிய கருவிகளையும் அவ்வுரையே தருகின்றது. அதே ஆண்டில் வந்த வெற்றுப் பாராட்டுரைகள் பல அக்கருவிகளைத் தருவன அல்ல.

விளம்பரமும் எதிர்பார்ப்பும்

ராக் இசைக்கெனத் தனி இதழ்கள் இக்காலத்திலேயே தோன்றின. 1966இல் பால் வில்லியம்ஸ் என்னும் கல்லூரி மாணவர் 'கிராடாடி' இதழைத் தொடங்கினார். 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' பிறந்தது. இவ்விதழின் தொடக்க காலத்து மதிப்புரைகள் சில பின்னர்ப் பெரிதும் மறுக்கப்பட்டன. அவை பிழைத்த இடங்களை ஆராய்தல் மாணவர்க்குப் பயன் தரும்.

1969இல் லெட் ஸெப்பலின் குழுவின் முதல் தொகுப்புக்கு ஜான் மெண்டல்சன் எழுதிய உரை, அதனை அதற்கு முன்னர் வெளிவந்த ஜெஃப் பெக் குழுவின் தொகுப்போடு ஒப்பிட்டுக் குறைத்துக் கூறியது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் அதே இதழ் அத்தொகுப்புக்கு 29ஆம் இடம் அளித்தது. மெண்டல்சன் செய்த ஒப்பீடு பொருத்தமற்றதன்று. இரு தொகுப்புகளுக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் ஒற்றுமையைக் கண்ட கண் வேற்றுமையைக் காணவில்லை. முன்னோர் மொழிபொருளைப் போற்றியவன் அதனினின்றும் எங்கே விலகுகின்றான் என நோக்காத ஒப்பியல் ஆய்வுகள் நம் துறையிலும் இல்லாமல் இல்லை.

அதே ஆண்டில் எம்.சி.5 என்னும் டெட்ராய்ட் குழுவின் முதல் தொகுப்பை லெஸ்டர் பாங்ஸ் கடுமையாகத் தாக்கி எழுதினார். அக்குழுவைப் பற்றி முன்னரே எழுந்த விளம்பர ஆரவாரம் அவரை எரிச்சலூட்டியிருந்தது. பின்னர் அவரே அவ்விசையின் பெரும் ஆர்வலராகி, டெட்ராய்டின் 'கிரீம்' இதழில் சேர்ந்து எழுதினார். அவர் முதலில் மதிப்பிட்டது பெரும்பாலும் தொகுப்பை அன்று. அதனைச் சூழ்ந்த ஆரவாரத்தை. விளம்பரத்துக்கு மயங்குதல் ஒரு பிழை. விளம்பரத்தை வெறுத்தலால் படைப்பை வெறுத்தல் அதன் மறுபக்கப் பிழை. இரண்டிலும் படைப்பு செவிக்கு எட்டுவதில்லை.

எதிர்பார்ப்பும் இவ்வாறே திரையிடும். 1970 ஜூனில் பாப் டிலன் 'செல்ஃப் போர்ட்ரைட்' என்னும் இரட்டைத் தட்டுத் தொகுப்பை வெளியிட்டார். ஒரு தலைமுறையின் குரலாகக் கருதப்பட்டவர் அதில் பிறர் பாடல்கள் பலவற்றைப் பாடியிருந்தார். 'ரோலிங் ஸ்டோன்' இதழில் கிரீல் மார்க்கஸ் எழுதிய நெடிய மதிப்புரை, வசைச்சொல் கலந்த ஒரு வினாவோடு தொடங்கிற்று. ராக் மதிப்புரை வரலாற்றில் அதனினும் புகழ்பெற்ற தொடக்கம் இல்லையெனலாம். ஆயினும் அவ்வுரை வசையோடு நிற்கவில்லை. பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. சிலவற்றின் சிறப்பையும் கூறியது.

2013இல் அக்காலத்து வெளிவராத ஒலிப்பதிவுகள் தனித் தொகுதியாக வந்தன. பின்னர்ச் சேர்க்கப்பட்ட வாத்திய ஓசைகள் நீங்கிய நிலையில் பல பாடல்கள் அதில் ஒலித்தன, பலரும் பாராட்டினர். அத்தொகுதிக்கு முன்னுரைக் கட்டுரை எழுதியோருள் ஒருவர் கிரீல் மார்க்கஸே. நாற்பத்து மூன்றாண்டுகளுக்கு முன் கடிந்து எழுதியவரைக்கொண்டே முன்னுரை எழுதுவித்தனர். அவர்தம் பழைய உரையில் உண்மையான செவி இருந்தமையால்தான் அது இயன்றது என்று கருதுகின்றோம்.

இவற்றினும் கொடியது மௌனம். 1967 மார்ச்சில் வெளிவந்த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் தொகுப்பு அக்காலத்தில் சிலராலேயே வாங்கப்பட்டது. இதழ்களும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2006இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. கடிந்துரைக்கு மறுப்பு எழுதலாம். எழுதப்படாத உரைக்கு யார் மறுப்பு எழுதுவது?

உரையும் எண்ணும்

1969 முதல் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் குறுமதிப்புரைகளோடு, பள்ளித் தேர்வில் அளிப்பது போன்ற எழுத்துத் தரத்தையும் வழங்கலானார். 1990களின் நடுவில் ரயன் ஷ்ரைபர் தொடங்கிய 'பிட்ச்ஃபோர்க்' இணைய இதழ், 0.0 முதல் 10.0 வரை பதின்மக் கூறுடன் மதிப்பெண் அளித்தது. 2001இல் தொடங்கிய 'மெட்டாகிரிட்டிக்' பல இதழ்களின் மதிப்பீடுகளை நூற்றுக்கு இவ்வளவு எனச் சராசரியாக்கியது.

எண்ணின் வலிமை பெரிது. 2004இல் மெர்ஜ் என்னும் சிறு நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் தொகுப்பு 9.7 பெற்றது, அக்குழுவின் பெயர் விரைந்து பரவியது. அதே ஆண்டில் டிராவிஸ் மாரிசன் என்னும் பாடகரின் தனித்தொகுப்புக்கு 0.0 வழங்கப்பட்டது, அதுகாறும் நற்பெயர் பெற்றிருந்த அவர்தம் இசைவாழ்வுக்கு அது பேரிடியாயிற்று. மதிப்புரை விளையாட்டன்று, ஒருவர் பிழைப்பு அதில் அடங்கியுள்ளது.

2003இல் லிஸ் ஃபேர் என்னும் பாடகி, வானொலிக்கு ஏற்ற மெருகுடைய பாப் பாடல்களைக் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1993இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு, எளிய ஒலிப்பதிவிலும் துணிந்த சொற்களிலும் பெயர் பெற்றது. புதிய தொகுப்பு அதனைப் போல இல்லாமையே குற்றமாயிற்று. 'பிட்ச்ஃபோர்க்' அதற்கும் 0.0 அளித்தது. அவ்வுரையை எழுதியவர் 2019இல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2021இல் அவ்விதழ் 19 தொகுப்புகளுக்குப் பழைய எண்ணோடு புதிய எண்ணையும் காட்டி மறுமதிப்பீடு வெளியிட்டபோது, லிஸ் ஃபேரின் தொகுப்புக்கு 6.0 கிடைத்தது.

0.0 எவ்வாறு 6.0 ஆயிற்று? தட்டில் ஓர் ஒலியும் மாறவில்லை. மாறியது அளவுகோல். ராக் இசையின் நெறிகளைக்கொண்டு பாப், ஹிப்-ஹாப் முதலிய பிற இசைகளை அளத்தல் முறையன்று என 2004இல் கெலஃபா சன்னே 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. அகத்திணைப் பாடலில் புறத்திணைக்குரிய துறையைத் தேடிக் காணாமல் அப்பாடலைக் குறைகூறுவாரை நாம் ஏற்பதில்லை அன்றோ? அன்ன பிழையே இங்கும் நேர்ந்தது. உரையாக எழுதியிருந்தால் அளவுகோல் வெளிப்பட்டு நிற்கும். அதனை மறுத்தல் எளிது. எண்ணோ தன் அளவுகோலை மறைத்துக் கொள்கின்றது.

விரைவு

முன்னர் இசை நிறுவனங்கள் வெளியீட்டுக்குச் சில கிழமைகளுக்கு முன்பே தொகுப்பின் படியை மதிப்புரையாளர்க்கு அனுப்புவது வழக்கம். பலமுறை கேட்டு எழுத அவகாசம் இருந்தது. 2007 அக்டோபரில் ரேடியோஹெட் குழு, பத்து நாள் முன்னறிவிப்போடு தன் தொகுப்பை நேரே இணையத்தில் வெளியிட்டது. 2013 டிசம்பரில் பியான்சே முன்னறிவிப்பே இன்றித் தம் தொகுப்பை வெளியிட்டார். 2015 ஜூலை முதல் வெள்ளிக்கிழமை உலகப் பொதுவான வெளியீட்டு நாளாயிற்று. இத்தகைய வெளியீடுகளில் மதிப்புரையாளரும் கேட்போரும் ஒரே வேளையில் கேட்கத் தொடங்குகின்றனர். யார் முந்தி எழுதுவது என்னும் போட்டியில் ஒருமுறை கேட்டே எழுதும் நிலை உண்டாயிற்று. அனைவரும் தாமே கேட்க இயலும் காலத்தில், வாங்கலாமா வேண்டாவா எனக் கூறும் பணி மதிப்புரைக்கு இல்லை. எவ்வாறு கேட்பது எனக் காட்டும் பணியே எஞ்சியுள்ளது. அப்பணிக்கு விரைவு பகை.

முடிவு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதல் மதிப்புரை தான் கேட்டதை முதலில் சொல்லவேண்டும். பாராட்டும் கடிதலும் பின்னரே வருதல் முறை. தான் கொண்ட அளவுகோல் இன்னதெனக் காட்டவேண்டும். படிப்பவர் அவ்வுரையைக்கொண்டே அதனை மறுக்க இடந்தர வேண்டும். இம்மூன்றும் அமைந்த உரை முடிவில் பிழைத்தாலும் பயனில் பிழைப்பதில்லை. முதல் மதிப்புரையைத் தீர்ப்பாகக் கொள்வதினும் சான்றாகக் கொள்வதே தகும்.

இனி, பிழைபட்ட உரையைத் திருத்தலாமா என்னும் வினாவுக்கு நம் உரைமரபே விடை கூறுகின்றது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரைப் பல இடங்களில் மறுப்பர். மறுக்கும்போது அவர் கருத்தை எடுத்துக்கூறியே மறுப்பர். அதனால் இருவர் கருத்தும் நம்மிடம் வந்து சேர்ந்துள்ளன. சில இடங்களில் சேனாவரையரை விடுத்து இளம்பூரணரைக் கொள்ளும் உரிமையும் நமக்கு எஞ்சியுள்ளது. மறுத்தல் வேறு, அழித்தல் வேறு. பழைய மதிப்புரையை நீக்கிப் புதியதை வைப்பின், ஒரு காலம் எவ்வாறு கேட்டது என்னும் சான்று அழியும். பழையதை நிறுத்தி அதன் பக்கத்தில் புதியதை எழுதுவதே நேர்மை.

சென்ற ஆண்டு நம் முதுகலை மாணவர்க்கு ஒரு புதிய கவிதைத் தொகுதியை அளித்து, ஆசிரியர் பெயரும் முன்னுரையும் நீக்கி, மதிப்புரை எழுதப் பணித்தோம். பலர் முதல் ஒரு மணி நேரம் எழுதுகோலைத் தொடவில்லை. பெயரில்லாமல் எவ்வாறு தொடங்குவது என ஒருவர் வினவினார். கவிதையிலிருந்து தொடங்குக என்றோம். அவர் அன்று எழுதிய உரையின் முடிவோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் நாம் காணாத ஓர் அடியை அவர் கண்டிருந்தார். அவ்வுரையைத் திருத்தாமல் வைத்திருக்கின்றோம்.